நீ கேட்ட ஒன்பது நோட்டுகள்

மகனே,

உறையின் மேல் முகவரியை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் என் கையெழுத்து என்று கண்டுகொண்டிருப்பாய். பிரித்துப் பார்த்ததும்தான் திகைத்திருப்பாய். அம்மாவுக்குக் கண் தெரியவில்லையோ, யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறாளோ என்று நினைக்காதே. கண் நன்றாகத் தெரிகிறது. எழுதுவது நானேதான். இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் உனக்குத் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. ஏழு வயதில் கான்வென்ட்டில் விடப்பட்ட நாளிலிருந்து நான் கடிதம் என்று எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதனால் இதில் எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் இருக்கும். இருக்கட்டும்.

உன் கடிதம் போன வியாழக்கிழமை மலைக்கு வந்தது. எப்போதும்போல நான்கு பாராக்கள். டில்லியின் குளிர், உன் உடல்நலம், உன் ஆபீஸ், கடைசியில் குழந்தை. மூன்றாவது பாராவில் ஒரு காற்புள்ளி குறைந்திருந்தது. பழக்கத்தில் பேனாவை எடுத்து அதைப் போட்டுவிட்டுத்தான் நான்காவதுக்குப் போனேன். அங்கே நீ எழுதியிருந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். பையனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. நம் வீட்டு விதியை நீயும் உன் வீட்டில் கொண்டுவந்துவிட்டாய். சாப்பாட்டு மேசையில் எது வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் கிடைக்கும். முதல் வாரம் அழுதான். இப்போது நல்ல முன்னேற்றம், மேசையில் அமைதியாக இருக்கிறான், எதையும் கேட்பதில்லை. உன் சிறுவயதில் நான் உனக்காக எழுதிய ஒன்பது ஆங்கிலப் பாட நோட்டுகளையும் அனுப்பினால் அவனுக்குச் சொற்கள் பெருகும், பேசத் தொடங்குவான் என்று முடித்திருந்தாய்.

கடிதத்தை மடித்து வைத்தேன். பொன்னி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த திண்ணனூர் நாட்டுப் பொன்னிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். "ஏனுங்கம்மா, தம்பி கடுதாசில என்னங்க சேதி? பேரன் சாமி நல்லாருக்குதுங்களா?" என்றாள்.

"நல்லா இருக்கான். சாப்பிடும்போது அமைதியா இருக்கானாம். எதுவும் கேக்கறதில்லையாம்."

"நாலு வயசுப் புள்ள ஒண்ணுங் கேக்காம உக்காந்திருக்குதுங்களா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். "காச்சலுங்களா அதுக்கு?"

மகனே, நோட்டுகளை நான் அனுப்பப் போவதில்லை. நீ எதையும் காரணம் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறவன் அல்ல, அப்படித்தான் உன்னை வளர்த்தேன். ஆகவே காரணம் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது நீ என்னை மதிப்பாயா என்று தெரியவில்லை.

முதலில் ஒன்று. அந்த நோட்டுகள் தவறானவை என்று நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் தங்காது, ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே புழங்க வேண்டும் என்று கான்வென்ட்டில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அது உண்மை. வீடு, சமையலறை, சந்தை, வானிலை, விருந்தாளிகள், பயணம், நோய், கடிதம், நன்றியும் மன்னிப்பும் என்று விஷயத்துக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு பாடத்திலும் இருபது சொற்கள், அவற்றை வைத்து ஐந்து வாக்கியங்கள், பிறகு இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல ஓர் உரையாடல். வானிலை நோட்டை நாம் ஜன்னலருகே நின்றே படித்தோம். இந்த மலையில் மழைக்கா பஞ்சம்? தூறலையும் சாரலையும் மூடுபனியையும் கொட்டும் மழையையும் வேறு வேறு ஆங்கிலச் சொல்லில் பிரித்துச் சொல்ல ஆறு வயதில் உனக்குத் தெரிந்திருந்தது. வேட்டைக்கு வந்த துரை ஒருவர் நம் வீட்டில் தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது நீ அவரிடம் பேசியதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெருமையை நான் இத்தனை வருஷமும் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆனால் சந்தையில் நடந்ததும் நினைவிருக்கிறது. சந்தை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு கூடையாகக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் சொல்ல வேண்டும். வாழைப்பழம், மிளகு, தேன் எல்லாம் சொன்னாய். சாமையைக் காட்டி, "இதுக்கு என்ன?" என்று நீ என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. "நோட்டில் இல்லாதது நமக்கு வேண்டாம், அடுத்ததுக்கு வா" என்றேன். தினைக்கும் அதையே சொன்னேன், வீட்டில் களிக்கும் அதையே சொன்னேன். சமையலறை நோட்டில் டோஸ்ட் இருந்தது, மார்மலேட் இருந்தது, பாரிட்ஜ் இருந்தது. உன் தட்டில் இருந்தது சாமைச்சோறும் கீரையும். அந்தச் சோற்றைப் பாரிட்ஜ் என்று கேட்டு வாங்கித் தின்றாய். நீ தினமும் தின்றதற்கு உன்னிடம் பெயரில்லாமல் செய்தேன். குழந்தைகள் எதையும் பழகிக்கொள்கின்றன, நீயும் பழகிக்கொண்டாய்.

உன் அப்பாவால்தான் பழக முடியவில்லை. அவரைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. அடிவாரத்தில் சொந்த நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்து, காப்பியும் மிளகும் போடலாம் என்று தனியாக மலையேறி வந்த மனிதர். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடுவார். கான்வென்ட்டில் படித்தவளைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அடிவாரத்திலிருந்து யார் வந்தாலும், "எங்க ஊட்டுல இங்கிலீசு பேசறதுக்கு ஆள் இருக்குதுங்க" என்பார். என்னைக் கேலியாக டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சாப்பாட்டு மேசை வேண்டும் என்று சொன்னபோது, பிரித்துக் கட்டி நான்கு ஆள் தலையில் ஏற்றிக் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே கொண்டுவந்தார். அதன் முன் நாற்காலியில் கால்களை மடித்துச் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். மேசை விதியை நான் அறிவித்த அன்று, "டீச்சரம்மா சொன்னாச் செரிதான்" என்றார். அந்த விதி தனக்கும் சேர்த்துத்தான் என்று அவர் நினைக்கவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் விதி என்று நான் நினைத்தேன்.

உப்பு ஜாடி அன்று உன் பக்கம் இருந்தது. அவர் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு ஜாடியைப் பார்த்தார். நீ அவர் பார்த்ததைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசாமல் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாய். நான் கரண்டியின் காம்பால் உன் விரல்களில் அடித்தேன். அவரே கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உனக்கு ஆறு வயது. உன் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. அவர் நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உடு கண்ணு. உப்பு செரியாத்தான் இருக்குது."

கதவருகே நின்ற பொன்னிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கம்மா, உப்புக்குக்கூடவா மந்திரஞ் சொல்லோணும்? கோயில்ல வரங் கேக்கற மாதிரியல்ல இருக்குது!" அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார். அதன் பிறகு மேசையில் நீ அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாய். பார்த்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் கொடுக்கத் தோன்றும், கொடுத்தால் அடி விழும். நீ புத்திசாலிப் பிள்ளை.

இரண்டு வருஷம் அவர் அப்படியே நம்மோடு உட்கார்ந்து, பரிமாறியதைத் தின்று, எழுந்து போனார். பிறகு ஒருநாள் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு ஒரு வாக்கியம் பாடம் பண்ணியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உன்னைப் பார்த்து, ஆங்கிலத்தில் சோறு கேட்டார். என்னை அல்ல, உன்னைப் பார்த்து. அந்த உச்சரிப்பைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு நீயும் சிரித்தாய். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், முதலில் சிரித்தது நான். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் அத்தோடு விட்டேனா? சரியாகச் சொல்லுங்கள் என்று மறுபடி சொல்ல வைத்தேன். இன்னொரு முறை என்றேன். மூன்றாவது முறை பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"போதுமுங்க டீச்சரம்மா. வயிறு ரொம்பிருச்சு."

தட்டில் அப்போது சோறே போடவில்லை.

மறுநாளிலிருந்து அவர் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேச்சும் சிரிப்பும் கேட்கும். அவருடைய சிரிப்பு தனியாகக் கேட்கும். நீ கரண்டியை வாயருகே பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். தட்டைப் பார் என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன். நீ வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, இனி விதியில்லை, உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டேன். "பழகிப்போச்சு டீச்சரம்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நீ திருச்சிக்குப் போய் மூன்றாவது வாரம் ஒரு கடிதம் போட்டாய். பதினான்கு வயது உனக்கு. அது தமிழில் இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று தொடங்கியிருந்தது. நான் முதல் இரண்டு வரியைத்தான் பார்த்தேன். எட்டாவதான கடித நோட்டில் படித்தபடி ஆங்கிலத்தில் திருத்தி எழுது என்று ஒரு சீட்டு வைத்து அப்படியே திருப்பி அனுப்பினேன். அன்று சாயங்காலம் அவர் கேட்டார், "புள்ள கடுதாசி போட்டானா?"

"போட்டான். தமிழ்ல எழுதியிருந்தான். திருப்பி அனுப்பிட்டேன்."

"அட, என்ன எழுதியிருந்தான்?"

நான் படிக்கவே இல்லையே. அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து உன் ஆங்கிலக் கடிதம் வந்தது. நான் நலம், சாப்பாடு சத்தானது, மைதானம் பெரியது. ஒரு பிழையில்லை. அவருக்கு அதைத் தமிழில் சொன்னேன். "சத்தானதுன்னா என்ன, வவுத்துக்குப் பத்துதாமா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த முதல் கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடி வாங்கினாயா, காய்ச்சலில் கிடந்தாயா, வீட்டுக்கு வரவேண்டும் என்று இருந்ததா? இப்போது சொல் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அன்றைக்குப் பிறகு நீ தமிழில் எழுதவும் இல்லை, எதையும் கேட்கவும் இல்லை.

இனி எழுதப்போவதை எழுதத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் அப்பா அடிவாரத்துக்குப் போய் வந்து விஷக்காய்ச்சலில் விழுந்தபோது தந்தி கொடுத்தேன். நீ சென்னையிலிருந்து ரயிலேறி, காரவள்ளியிலிருந்து மழையில் நடந்தே மேலே வந்தாய். ஐந்து நாளாகக் கண் திறக்காதவர் உன் காலடிச் சத்தத்துக்குத் திறந்தார். "வந்துட்டியா சாமி. நனஞ்சு போயிட்டியே. தலையத் தொவட்டு" என்றார்.

நீ கட்டிலருகே நின்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, அவரிடம் நான் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் கேட்டாய். உனக்குத் தமிழ் வராமல் இல்லை. கூலி ஆட்களிடம், பொன்னியிடம், ரயிலில் வந்தவர்களிடம் எல்லாம் நன்றாகப் பேசுவாய். அவருக்கென்று மட்டும் உன்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நோய் என்ற நோட்டில் இருபது சொற்கள் இருந்தன, நோயாளியை நலம் விசாரிக்கும் உரையாடல் இருந்தது, அதில் இதற்கு எதுவும் இல்லை. நான் என்ன செய்தேன்? வந்துவிட்டேன் என்று சொல் என்றேன். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் தலைக்கு மேலே. அவர் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியாத ஊரில் வழி கேட்டவன் பார்ப்பதுபோல. பிறகு நீ குனிந்து, "வந்துட்டேங்க" என்றாய். வெளியாளிடம் பேசுவதுபோல. அவர் படுக்கையைத் தட்டி உட்காரச் சொன்னார். நீ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். மறுநாள் விடியும் முன் போய்விட்டார்.

மகன் பக்கத்தில் இருக்க நிம்மதியாகப் போனார் என்று என் கான்வென்ட் தோழிகளுக்கு அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். பதினோரு வருஷமாக எல்லோரிடமும் அதையேதான் சொல்லி வருகிறேன். அவருடைய கடைசி நாளில் அவர் தலைக்கு மேலே நாம் பேசிக்கொண்டது அவருக்குப் புரியாத பேச்சு என்பதை யாரிடமும் சொன்னதில்லை. நீ அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்துகொள்.

அதனால்தான் உன் கடிதத்தில் எதையும் கேட்பதில்லை என்ற இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். நீ அதை முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவின் அந்த அமைதிக்கு எதிரே உட்கார்ந்து நான் இரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு அதைத் தெரியும். நாலு வயதுப் பிள்ளை தண்ணீர் வேண்டும் என்பதை விழுங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது தண்ணீரைக் கேட்காது, இன்னும் சில வருஷத்தில் உன்னையே தேடாது.

இந்த ஆங்கிலம் இல்லாவிட்டால் எனக்கு இந்த உத்தியோகம் ஏது என்று நீ கேட்பாய். நியாயம். உன் உத்தியோகத்தை நான் பொன்னியிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், அவள் கொட்டாவி விடுவாள். உன் பிள்ளைக்கும் ஆங்கிலம் கற்றுக்கொடு. இருபது இருபதாகவே கொடு, விஷயத்துக்குள் வைத்தே கொடு. ஆனால் சாப்பாட்டு மேசையிலிருந்து அதை எடுத்துவிடு. சாயங்காலம் நடக்கப் போகும்போது கொடு, கடைத்தெருவில் கொடு, மழை பெய்யும்போது கொடு. எந்தப் பொருளானாலும் முதலில் அவன் வாயில் வரும் பெயரால் சொல்லட்டும், அதன் பக்கத்தில் மற்றதை வை. அவன் கேட்பதற்கு உனக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், வேண்டாம் என்று சொல்லாதே. அவன் பேச முயன்று தப்பாகச் சொன்னால் உன் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. விதி வேண்டுமென்றால் இதை விதியாக வை. உன் மனைவி சமையலறையில் அவனிடம் என்ன பேசுகிறாள், அங்கேயாவது அவன் வாய் திறக்கிறானா என்று கேட்டுப் பார். அங்கே திறந்தால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நேற்று அந்த ஒன்பது நோட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன். பொன்னி பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, வெறகுக்கா பஞ்சம் நம்ம மலைல?" என்றாள். நான்காவதான வானிலை நோட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் படித்தேன், இன்னொரு பக்கம் படித்தேன். ஒரு பிழை இல்லை மகனே. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என்னால் முடியவில்லை. மறுபடி பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அதில் பெருமை இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பெட்டியில் இருக்கட்டும். அவன் வளர்ந்து, தானாகக் கேட்டால் பொன்னி எடுத்துக் கொடுப்பாள். அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உடம்பு இடம் கொடுத்தால் நானே டில்லிக்குப் புறப்பட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சேந்தமங்கலத்து டாக்டர், இனி மலை இறங்குவதை மறந்துவிடுங்கள் அம்மா, டோலியில் தூக்கினாலும் உங்கள் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். நான் அவரிடம் வாதாடிப் பார்த்தேன். நீ வரவேண்டும் என்று எழுத மாட்டேன். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் மூன்றாவது பாராவில் எழுதுகிறாய்.

இன்று வியாழன். தபால்காரர் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். இதைத் திருப்பிப் படிக்காமல் கொடுத்துவிடப் போகிறேன். படித்தால் திருத்துவேன், திருத்தினால் பாதியை அடித்துவிடுவேன். இது உன் கைக்குக் கிடைக்கும் அன்று சாப்பிட உட்காரும்போது, அவன் விரலால் காட்டினாலும், கண்ணால் காட்டினாலும், எதைப் பார்க்கிறானோ அதை எடுத்து அவன் கையில் கொடு. மறுநாளும் கொடு. அவனாக வாய் திறந்து கேட்கும்வரை கொடுத்துக்கொண்டே இரு. எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. கேட்ட அன்று எனக்கு எழுது. குளிரைப் பற்றியும் ஆபீஸைப் பற்றியும் வேண்டாம். என் பேரன் என்ன கேட்டான் என்று அந்த ஒரு வரி மட்டும், அவன் சொன்னபடியே.

உன் அம்மா